மாறுவேடப் போட்டிக்குக் குழந்தையைத் தயார் செய்வது: பள்ளிக் குறிப்பு வந்த நாளிலிருந்து மேடை வரை

பள்ளியிலிருந்து "மாறுவேடப் போட்டி" என்று குறிப்பு வந்த அன்று மாலையே பலர் வாடகைக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கடையில் எந்த உடை இருக்கிறதோ அதுவே வேடமாகிறது. அந்த உடைக்குள் குழந்தையை எப்படியாவது நுழைத்து மேடைக்கு அனுப்புகிறோம். தலைப்பாகை கண்ணை மறைக்கிறது, ஒட்டுமீசை அரிக்கிறது, வேட்டி காலில் சிக்குகிறது. மனப்பாடம் செய்த நான்கு வரியும் மறந்து குழந்தை அழுகிறது.

பதினோரு ஆண்டுகளாக வீட்டில் தையல் எந்திரம் வைத்து, எங்கள் தெருக் குழந்தைகளுக்கும் உறவுக் குழந்தைகளுக்கும் வேட உடை தைத்துக் கொடுத்து வருகிறேன். நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் பள்ளியின் விதிகள், அடுத்து குழந்தையின் இயல்பு, அதன் பிறகு வேடம், கடைசியில்தான் துணி. 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் கையில் இருந்தால் நிதானமாக முடிக்கலாம்.

1. வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை

தலைப்பு ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு மேடை, அதில் உங்கள் குழந்தை எத்தனையாவது, வீட்டிலிருந்தே வேடத்தோடு வர வேண்டுமா, மேடைக்குப் பின்னால் பெற்றோரை அனுமதிப்பார்களா, மைக்கைக் கையில் பிடிக்க வேண்டுமா அல்லது ஸ்டாண்டில் இருக்குமா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் நிற்பது இரண்டு நிமிடம்தான். ஆனால் வரிசையில் காத்திருப்பது ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். அந்தக் காத்திருப்பைத் தாங்கும் உடைதான் நமக்கு வேண்டும். பெற்றோர் பின்னால் வர முடியாது என்றால், குழந்தையால் தானாகக் கழற்றி மாட்ட முடியாத எதையும் தைக்கக் கூடாது. மைக்கைக் கையில் பிடிக்க வேண்டும் என்றால் மிச்சம் இருப்பது ஒரு கைதான். கம்பும் கிளியும் புத்தகமும் எல்லாம் அந்த ஒரு கையைப் பார்த்தே முடிவாக வேண்டும்.

பள்ளி வேனில் போகும் குழந்தையா என்பதையும் இப்போதே யோசியுங்கள். அட்டையில் செய்த மரவேடத்தைப் போட்டுக்கொண்டு வேன் இருக்கையில் உட்கார முடியாது.

2. குழந்தை எதைத் தாங்கும் என்று பார்த்தல்

இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். விளையாட்டுப் போல ஒரு பருத்தித் துண்டைத் தலையில் கட்டிவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். மேலுதட்டில் கண்மைப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பாருங்கள். ஜரிகைத் துணி ஒன்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டே நிமிடத்தில் துண்டைப் பிடுங்கி எறியும் குழந்தைக்கு முண்டாசும் கிரீடமும் வேண்டாம். "அன்றைக்குச் சமாளித்துக்கொள்வான்" என்று சொல்லாதீர்கள். கூட்டமும் ஒலிபெருக்கிச் சத்தமும் சேரும்போது தாங்கும் சக்தி குறையுமே தவிர அதிகமாகாது. என் தங்கை மகள் நான்கு வயதில் கழுத்தில் எது உராய்ந்தாலும் அழுவாள். ஆண்டாள் வேடத்துக்கு மாலையெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது. ஒரே இரவில் வேடத்தை ஒளவையாராக மாற்றினோம். அன்றிலிருந்து இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் துணியைத் தொடுவதில்லை.

குழந்தையிடமும் கேளுங்கள். மூன்று பெயரைச் சொல்லி எது பிடிக்கிறது என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகூடத் தெளிவாகப் பதில் சொல்லும். பெண் குழந்தை பாரதியாராக நிற்க விரும்பினால் நிற்கட்டும். அதற்கு மாறாகச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

3. வேடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு வேடத்தை எட்டத்திலிருந்து அடையாளம் காட்டுவது இரண்டு அல்லது மூன்று பொருள்கள்தான். பாரதியாருக்கு முண்டாசு, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை. ஒளவையாருக்கு நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, ஊன்றுகோல். காமராஜருக்குக் கதர்ச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. நேருவுக்குக் கோட்டில் ஒரு ரோஜா. இந்த அடையாளங்களைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதை எளிமையாக விட்டுவிடலாம். எல்லாவற்றையும் செய்யப் போனால் எதுவும் முடியாது. குழந்தையின் உடம்பில்தான் பாரம் ஏறும்.

வேடமும் பேசும் வரியும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். காந்தி வேடத்தில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டதைக் குழந்தை பேசினால் கோட்டும் டையும் வேண்டும். 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தைப் பேசினால்தான் அரை வேட்டியும் கைத்தடியும் பொருந்தும். இடுப்பில் தொங்கும் கடிகாரத்தைச் சேர்த்தால் அடையாளம் இன்னும் உறுதியாகிவிடும். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

கண்ணகிக்குக் கையில் ஒற்றைச் சிலம்பு, விரித்த கூந்தல். காலில் சிலம்பு எதுவும் வேண்டாம். அவள் அரசவைக்கு வந்தது எஞ்சியிருந்த ஒற்றைச் சிலம்போடுதான். ஆண்டாளுக்கு ஒருபுறம் சாய்ந்த கொண்டை, மாலை, இடக்கையில் கிளி. திருவில்லிபுத்தூரில் அந்தக் கிளி இடக்கையில் இருப்பது நமக்கும் வசதி. வலக்கை மைக்குக்குக் கிடைத்துவிடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையின் முகத்தில் கறுப்பு மை பூசி "பழங்குடி" என்றோ, கிழிந்த துணி போட்டு "பிச்சைக்காரர்" என்றோ, பாசிமணி மாட்டி "நரிக்குறவர்" என்றோ சிரிப்பதற்காக மேடையேற்றாதீர்கள். அதே வகுப்பில் அந்த வீட்டுக் குழந்தை உட்கார்ந்திருக்கலாம். யார் வாழ்வையும் கேலியாக்காத வேடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

4. அளவெடுத்தல்

சட்டை அளவு மட்டும் போதாது. கீழ்க்கண்டவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டுத் தலையின் சுற்றளவு, தோளின் அகலம், மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம்.

4 முதல் 6 வயதில் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 50 முதல் 52 செ.மீ. இருக்கும். ஆனாலும் உங்கள் குழந்தையை அளந்தே பாருங்கள். ஒரு செ.மீ. குறைந்தால் நெற்றியில் வலிக்கும், இரண்டு செ.மீ. கூடினால் கண்ணில் இறங்கும்.

சாப்பிட்ட பிறகுதான் இடுப்பை அளக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அளந்து தைத்த எலாஸ்டிக், மதிய விழாவில் வயிற்றை இறுக்கும். கீழ் நீளம் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே முடிய வேண்டும். தரை தொடும் உடை பார்க்க அழகாக இருக்கும், மேடைப்படி ஏறும்போது காலை வாரிவிடும்.

5. வாடகையா, தைப்பதா, வீட்டில் இருப்பதா

முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். அம்மாவின் துப்பட்டா, அப்பாவின் பழைய வேட்டி, தாத்தாவின் அங்கவஸ்திரம், பள்ளியின் வெள்ளைச் சட்டை ஆகியவற்றை வைத்தே பாதி வேடங்கள் முடிந்துவிடும்.

பரதநாட்டிய உடை, ராஜா உடை, விலங்கு உடை போன்றவற்றை வாடகைக்கு எடுப்பதுதான் நல்லது. ஒரு நாளைக்காக அவ்வளவு ஜரிகையும் உழைப்பும் கொட்ட வேண்டியதில்லை. எடுக்கும்போது கடையிலேயே கொக்கி, ஜிப், கிழிசல் ஆகியவற்றைப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது வாக்குவாதம் வராது.

வாடகை உடையை முழு ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே எடுங்கள். தலையில் வைக்கும் சவுரி, டோப்பா, கிரீடம் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு, பிறகு வெயிலில் காய வையுங்கள். பேன் மனிதத் தலையை விட்டு விலகி அதற்கு மேல் உயிர்வாழாது. அணியும்போதும் உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா ஒன்று இருக்கட்டும்.

6. முதலில் உள்ளுடை

பலர் மேலுடையிலிருந்து தொடங்கி, அது குத்துகிறது என்று குழந்தை சொன்ன பிறகு உள்ளே எதையாவது திணிக்கிறார்கள். அப்போது மேலுடை இறுக்கமாகிவிடும். பருத்தி பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுவிட்டு, அதன் மேல் அளவு பாருங்கள்.

நெட் துணி, ஜிகினா, ஜரிகை ஓரம் எல்லாம் கழுத்திலும் அக்குளிலும் அறுக்கும். அந்த இடங்களில் உள்பக்கம் பழைய வேட்டித் துணியை ஒரு பட்டையாக வைத்துத் தைத்துவிடுங்கள். கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டும் நாடா வைக்காதீர்கள். அங்கி, மேலாடை எதுவானாலும் தோளில் ஒட்டும் பட்டையோ அழுத்துப் பொத்தானோ வைத்தால், எங்காவது மாட்டி இழுத்தாலும் கழன்றுவிடும், கழுத்தை இறுக்காது.

கழிவறைக்குப் போவதை இப்போதே திட்டமிட வேண்டும். கீழுடை எலாஸ்டிக்கில் நிற்க வேண்டும், ஒரே இழுப்பில் இறங்க வேண்டும். ஊக்குகளை மாட்டி உடம்போடு சேர்த்துக் கட்டிய பஞ்சகச்சத்தை அவிழ்க்கும் வரை ஐந்து வயதுக் குழந்தையால் அடக்கிக்கொள்ள முடியாது.

7. முண்டாசு கட்டுதல்

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். தலையில் நேரடியாகக் கட்டும் முண்டாசு பெரியவர்களுக்கே நழுவும். குழந்தைக்குக் குல்லாவின் மேல் தைத்த முண்டாசுதான் சரி. தொப்பி போலக் கழற்றி மாட்டலாம்.

பழைய பனியன் துணியில் தலையளவுக்கு ஒரு குல்லா தைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மாட்டி, நெற்றியில் புருவத்துக்கு ஒரு விரல் மேலே பென்சிலால் கோடு போடுங்கள். காதுகள் எங்கே வருகின்றன என்பதையும் குறியுங்கள். பிறகு கழற்றி, அதே சுற்றளவுள்ள பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டுங்கள். குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு சுற்றினால் அது அசையும், நீங்களும் அவசரப்படுவீர்கள்.

வெள்ளை மல் துணி இரண்டரை மீட்டர், அகலம் 40 செ.மீ. அளவுக்கு இருந்தால் போதும். இலேசாகக் கஞ்சி போட்டுக் காய வைத்தால் மடிப்பு நிற்கும். கஞ்சி அதிகமானால் ஓரம் நெற்றியைக் கீறும். தோளில் விழ வேண்டிய வாலுக்கு ஒரு முழம் விட்டுவிட்டு, மிச்சத்தைத் தளர்வாக முறுக்கிக்கொண்டே சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் நெற்றியில் முந்தைய சுற்றைக் குறுக்காகக் கடந்து போகட்டும். அப்போதுதான் முன்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தெரியும். ஒரே மட்டத்தில் சுற்றினால் தலையில் கட்டுப்போட்டது போல இருக்கும்.

இரண்டு சுற்றுக்கு ஒருமுறை குல்லாவோடு சேர்த்து நூலால் நான்கைந்து இடங்களில் தைத்துவிடுங்கள். குண்டூசியோ ஊக்கோ வேண்டாம். குழந்தை தலையைச் சொறிந்தால் திறந்துகொண்டு குத்தும். காது இரண்டும் வெளியே இருக்கட்டும். காதை மூடிவிட்டால் மேடையில் பெயர் அழைப்பது கேட்காது, தன் குரலும் சரியாகக் கேட்காமல் கத்திப் பேசும்.

8. கிரீடம், கொண்டை, நரைமுடி

கிரீடத்தை முழு வட்டமாக அட்டையில் செய்யாதீர்கள். முக்கால் வட்டம் அட்டை, பின்னால் கால் வட்டம் எலாஸ்டிக் என்று அமையுங்கள். தலையோடு சேர்ந்து விரிந்து கொடுக்கும். கிருஷ்ணர் கிரீடத்தில் மயிலிறகின் தண்டை உள்பக்கமாக மடித்து, அதன் மேல் துணி ஒட்ட வேண்டும். கூரான நுனி பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும்.

கொண்டைக்குப் பழைய காலுறையைச் சுருட்டி வளையமாக்கி, குழந்தையின் முடியையே அதன் மேல் பரப்பிக் கட்டலாம். முடி குட்டையாக இருந்தால் கறுப்புத் துணியில் பஞ்சடைத்துக் கொண்டை செய்து ஹேர்பேண்டில் தைத்துவிடுங்கள். ஒளவையாரின் நரைக்குத் தலை முழுவதும் மாவையோ பவுடரையோ கொட்டாதீர்கள். வியர்வையோடு கண்ணில் இறங்கும். வெள்ளைக் கம்பளி நூலைக் குல்லாவில் வரிசையாகத் தைத்தால் அரை மணி நேரத்தில் நல்ல நரைமுடி கிடைத்துவிடும்.

காந்தி வேடத்துக்காகக் குழந்தைக்கு மொட்டையடிக்க வேண்டியதில்லை. ரப்பர் வழுக்கைத் தொப்பியும் வேண்டாம், அதற்குள் வியர்த்துக் கொட்டும். எண்ணெய் தடவிப் படிய வாரிவிட்டு, கண்ணாடி பொருத்தாத வட்டச் சட்டத்தை மாட்டினாலே போதும்.

9. வேட்டியும் கோட்டும் சேலையும்

நாலு முழ வேட்டியை மடித்து மடித்துச் சிறிய இடுப்பில் சுற்றினால், வயிற்றில் தலையணை கட்டியது போல இருக்கும். பழைய மெல்லிய வேட்டியை இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே வரும் உயரத்துக்கு வெட்டி, பக்கத்தை மூட்டி, மேலே எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். கரை கீழேயும் முன்மடிப்பின் ஓரத்திலும் வரும்படி அமைத்தால் கட்டிய வேட்டி போலவே தெரியும். எலாஸ்டிக் இடுப்பளவைவிட 3 செ.மீ. குறைவாக இருந்தால் போதும். கழற்றிய பிறகு இடுப்பில் சிவந்த கோடு விழுந்தால் இன்னும் தளர்த்துங்கள்.

பாரதியாரின் கோட்டுக்காகக் கடை கடையாக அலைகிறார்கள். நமக்கு வேண்டியது கறுப்பு நிறமும் நீண்ட கையும்தான். கறுப்புப் பருத்தி முழுக்கைச் சட்டையின் காலரை உள்ளே மடித்துத் தைத்து, நடுவில் பெரிய பொத்தான்களை வைத்தால் கோட்டுத் தோற்றம் வந்துவிடும். லைனிங் போட்ட உண்மையான கோட்டுக்குள் நம் ஊர் வெயிலில் குழந்தை ஒரு மணி நேரம் நிற்க முடியாது.

சேலைக்கு வருவோம். ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டரை மீட்டர் துப்பட்டா போதும். அம்மாவின் பட்டுப்புடவையை வெட்ட வேண்டாம், முழுப் புடவையைச் சுற்றவும் வேண்டாம். எலாஸ்டிக் வைத்த உள்பாவாடை ஒன்றை எடுத்து, அதன் இடுப்புப் பட்டையில் கொசுவங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போடுங்கள். முந்தானையை மட்டும் தனியாக விட்டுவிட்டுத் தோளில் ரவிக்கையோடு தைத்த அழுத்துப் பொத்தானில் மாட்டுங்கள். விழா முடிந்ததும் நூலை உருவினால் துப்பட்டா பழையபடி கிடைத்துவிடும்.

வேலு நாச்சியார், கண்ணகி போன்ற வேடங்களில் குழந்தை வேகமாக நடக்கும், கையை வீசும். ஆகவே கொசுவத்தைக் குறைத்து, கீழ்ச்சுற்று அகலமாக இருக்கும்படி தைக்க வேண்டும். இறுக்கமான சேலையில் வீரவசனம் பேச முடியாது.

மாலை இடுப்புக்கு மேலேயே முடியட்டும். பூக்கடையில் கட்டிய கனத்த மாலை குழந்தையின் கழுத்தை முன்னால் இழுக்கும். துணியில் அல்லது காகிதத்தில் செய்ததே போதும்.

10. மரம், காய்கறி, விலங்கு

சார்ட் அட்டையில் வெட்டிக் கழுத்தில் தொங்கவிடுவதுதான் வழக்கம். ஒருமுறை உட்கார்ந்தாலே அது மடிந்து உடைந்துவிடும். மெல்லிய ஃபோம் ஷீட் வாங்குங்கள். கத்தரிக்கோலால் வெட்டலாம், வளையும், எடையும் இல்லை.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு துண்டு. தோளில் அகலமான துணிப்பட்டை. அகலம் தோள் அளவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கையைத் தூக்க முடியாது. நீளம் முழங்காலுக்கு மேலேயே முடிய வேண்டும், இல்லாவிட்டால் படியில் முட்டும். மரத்துக்கு நான் இன்னும் எளிய வழியைக் கையாள்கிறேன். பழுப்பு நிறச் சட்டையும் பேண்டும் அடிமரம். பச்சைத் துணியில் வெட்டிய இலைகளைத் தோள் துண்டிலும் தொப்பியிலும் தைத்தால் அதுதான் கிளை. குழந்தை உட்காரலாம், ஓடலாம், வேனிலும் ஏறலாம்.

ஃபோம் ஷீட்டில் சாதாரண வெள்ளைப் பசை நிற்காது. ரப்பர் பசைதான் பிடிக்கும். அதன் வாடை போக ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு அணிவியுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் பெரியவர்கள் மேசையில் வைத்து வேலை செய்ய வேண்டும். உடை குழந்தை மேல் இருக்கும்போது ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

முழு முகமூடி வேண்டாம். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, மூச்சும் முட்டும். விலங்கு முகத்தைத் தொப்பியின் முன்பக்கத்தில் வைத்துத் தைத்தால் குழந்தையின் முகம் தெரியும், குரலும் கேட்கும். மின்னும் சிறு விளக்குகளைச் சேர்க்க விரும்புகிறவர்கள் பொத்தான் பேட்டரி வைத்ததைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

11. முகம்

எந்தப் பூச்சானாலும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் சிறு புள்ளியாகத் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதை ஒதுக்கிவிடுங்கள். மேடைக்கு அரை மணி நேரம் முன் முகம் வீங்கினால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

மீசையைக் கண்மைப் பென்சிலால் வரையுங்கள். நடுவில் மெல்லியதாகத் தொடங்கி, உதட்டோரத்தில் மேல்நோக்கி வளைத்து, மேலே கொஞ்சம் பவுடர் ஒற்றினால் கலையாது. ஒட்டுமீசைக்கான நாடகப் பசை குழந்தையின் மேலுதட்டுத் தோலை உரித்துவிடும். அழியாத மை உள்ள மார்க்கரும் ஷூ பாலிஷும் முகத்துக்கு உரியவை அல்ல.

வள்ளுவர் தாடிக்குப் பஞ்சைப் பசையால் ஒட்டுகிறார்கள். இழை பிரிந்து வாய்க்குள் போகும், குழந்தை துப்பிக்கொண்டே பேசும். நெட் துணியில் வெள்ளைக் கம்பளி நூலைத் தைத்து, காதுக்குப் பின்னால் எலாஸ்டிக்கில் மாட்டுங்கள். வாய்க்கான துளை நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும்.

குங்குமத்தை அள்ளி வைக்காதீர்கள், வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் போகும். ஒட்டும் பொட்டே நல்லது. கிருஷ்ணருக்கு உடம்பெல்லாம் நீலம் பூசுவதும் தேவையில்லை. கிரீடமும் மயிலிறகும் குழலும் இருந்தால் யாரும் அடையாளம் தெரியாமல் விழிக்கப் போவதில்லை.

12. கையில் கொடுக்கும் பொருள்

ஒன்று மட்டும் கொடுங்கள். வாளும் வேலும் ஃபோமில் அல்லது அட்டையில், நுனி மழுங்கியதாக இருக்க வேண்டும். தகரமும் மூங்கிலும் வேண்டாம். வரிசையில் காத்திருக்கும்போது பிள்ளைகள் அதை வைத்து நிச்சயம் விளையாடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கண்ணகியின் சிலம்புக்கு ஒரு சாண் ரப்பர் குழாயை வளைத்து, உள்ளே சில சிவப்பு மணிகளைப் போட்டு, முனைகளை ஒட்டித் தங்கநிறக் காகிதம் சுற்றுங்கள். ஆட்டினால் ஓசை வரும். மேடையில் அதை உடைத்துக் காட்ட வேண்டாம். ஒரு பள்ளி விழாவில் சிலம்பிலிருந்து சிதறிய மணிகளில் கால் வைத்து, அடுத்து வந்த சிறுவன் வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். "என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்று குழந்தை கையை உயர்த்தினாலே அவையினர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆண்டாளின் கிளியைப் பச்சைத் துணியில் பஞ்சடைத்துச் செய்து, அடியில் ஒரு எலாஸ்டிக் வளையம் வைத்து மணிக்கட்டில் மாட்டிவிடுங்கள். கையை விட்டாலும் கிளி விழாது. கைப்பொருள் எதுவானாலும் இப்படி உடம்போடு கோத்துவிட்டால், அது விழுந்ததென்று குனிந்து தேடும் பதற்றம் குழந்தைக்கு இருக்காது.

13. முழு ஒத்திகை

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு செய்ய வேண்டும். முதல் நாள் இரவு செய்தால், குறை தெரிந்தாலும் தைக்க நேரம் இருக்காது.

எல்லாவற்றையும் அணிவித்து அரை மணி நேரம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். படி ஏறி இறங்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். கழிவறைக்குப் போய் வர வேண்டும். ஒரு கரண்டியை மைக்காகப் பிடித்து வசனம் முழுவதையும் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வணக்கம் சொல்ல வேண்டும்.

குழந்தையின் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். அடிக்கடி தொடும் இடத்தில்தான் குறை இருக்கிறது. நெற்றியைத் தொட்டால் முண்டாசு இறுக்கம், இடுப்பைப் பிடித்தால் எலாஸ்டிக் தளர்வு. கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். கையைப் பார்த்தே திருத்துங்கள்.

14. விழா நாளில்

வீட்டில் உள்ளுடையும் கீழுடையும் மட்டும் அணிவித்து, மேலே சாதாரணச் சட்டை போட்டு அழைத்துப் போங்கள். பள்ளியில் மேலுடை, பிறகு முகம், கடைசியாகத் தலை. உடையை மாட்டுவதற்கு முன்பே முகத்தை வரைந்தால் சட்டையைத் தலைவழியாகப் போடும்போது மீசை இழுபட்டுவிடும். முண்டாசையும் கிரீடத்தையும் தாடியையும் தன் முறைக்கு மூன்று பேர் இருக்கும்போது வைத்தால் போதும். பெற்றோருக்கு அனுமதி இல்லையென்றால் ஆசிரியரிடம் ஒரு பையில் போட்டுக் கொடுத்து, மாட்டும் விதத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் இட்லி போல எளிதாகச் செரிக்கும் உணவு கொடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழிவறைக்குப் பயந்து தாகத்தோடு வெயிலில் நிற்க வைத்தால் மயங்கிவிடும் குழந்தைகள் உண்டு. பையில் ஊசிநூல், இரண்டு ஊக்கு, கண்மைப் பென்சில், ஈரத்துணி, உறிஞ்சுகுழல், மாற்றுடை ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழல் இருந்தால் மீசை கலையாமல் தண்ணீர் குடிக்கலாம்.

நெட் துணி, நைலான், பாலியெஸ்டர் அணிந்திருந்தால் மேடையில் ஏற்றிய குத்துவிளக்கின் அருகே நிற்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். இந்தத் துணிகள் பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நான் பருத்தியையே வற்புறுத்துவதற்கு வியர்வையோடு இதுவும் ஒரு காரணம்.

மேடையேறிய பிறகு கீழிருந்து "முண்டாசைச் சரிசெய்" என்று சைகை காட்டாதீர்கள். குழந்தை வசனத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

15. கழற்றுவதும் எடுத்து வைப்பதும்

பரிசு அறிவிக்கும் வரை வேடத்திலேயே வைத்திருக்க வேண்டியதில்லை. படம் எடுத்ததும் தலையில் உள்ளதைக் கழற்றி, தண்ணீர் கொடுங்கள். முகப்பூச்சைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு மிதமான சோப்பால் கழுவுங்கள். முரட்டுத் துணியால் தேய்த்தால் மேலுதடு எரியும்.

வாடகை உடையை அன்றே வெயிலில் காட்டி மறுநாள் திருப்பிவிடுங்கள். நீங்கள் தைத்ததில் குல்லா, எலாஸ்டிக் வேட்டி, கறுப்புச் சட்டை, கொசுவம் தைத்த உள்பாவாடை ஆகியவற்றைத் துவைத்து ஒரே பையில் போட்டு, மேலே குழந்தையின் வயதையும் தலைச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு காமராஜருக்கும் காந்திக்கும் அதே வேட்டியில் எலாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். என் பையிலுள்ள முண்டாசு ஒன்று இதுவரை ஏழு தலைகளுக்குப் போய் வந்திருக்கிறது.